நெத்தியில கோடு மாதிரி பள்ளமா? விளக்கெண்ணெய் மெசேஜ நம்பாதீங்க

"குழந்தை நெத்தியில நேர்கோடா பள்ளம் விழுந்தா கால்சியம் குறைபாடு, விளக்கெண்ணெய் தேய்ச்சா 48 நாள்ல சரியாயிடும்"னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது. தப்புங்க, அதுக்கும் கால்சியத்துக்கும் சம்பந்தமே இல்ல.

அது லீனியர் மார்ஃபியாங்கிற அபூர்வமான தோல் நோயா இருக்கலாம், நெத்தியில வர்ற வகைக்கு பிரெஞ்சுல வாள்வெட்டுன்னே பேரு. புருவத்துக்கு மேல இருந்து தலைக்குள்ள வரைக்கும் கட்டைவிரல வச்சு அழுத்தி இழுத்த மாதிரி ஒரு தடம், தோல் மெழுகு கணக்கா பளபளக்கும், அந்த வழியில முடியும் கொட்டிடும். எப்பவோ விழுந்த தழும்புன்னு நினைச்சு வருஷக்கணக்கா விட்டுடறாங்க, அதான் மனசுக்கு கஷ்டமா இருக்கு, ஏன்னா பள்ளம் ஆழமாயிட்டா பழையபடி திரும்பாது.

தோல் டாக்டர் பாத்தே பெரும்பாலும் சொல்லிடுவாங்க, சந்தேகம்னா பயாப்சி, அதாவது தோல்ல சின்னதா ஒரு துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. ரத்த டெஸ்ட் நார்மல்னா நோய் இல்லன்னு அர்த்தம் கிடையாது. கண்ணுலயும் வீக்கம் வரலாம், அதனால கண் டாக்டர்கிட்டயும் காட்டணும், வலிப்போ விடாத தலைவலியோ இருந்தா மூளைக்கு எம்ஆர்ஐ எடுப்பாங்க.

நோய் ஆக்டிவா இருக்கும்போது மெத்தோட்ரெக்சேட்ங்கிற, நோய் எதிர்ப்பு சக்தியோட வேகத்த அடக்குற மருந்து, கூட கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு குடுப்பாங்க. இதுல ஒண்ணு ரொம்ப முக்கியம், மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான், தெரியாம தினமும் குடுத்துட்டா உயிருக்கே ஆபத்து. நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது, திரும்ப வரலாம்.

இது தொத்து வியாதியும் இல்ல, அந்தப் பிள்ளைய கிளாஸ்ல தனியா உக்கார வைக்காதீங்க.