தீட்டுக்கல்லில் சமையல் எண்ணெய் வேண்டாம்

கத்தி தீட்டும் கல்லுக்கு என்ன எண்ணெய் விடுவது என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் சொல்வது, "அடுப்படியில இருக்கிறதையே ரெண்டு சொட்டு விடுங்க, போதும்." நானும் அதைக் கேட்டுத்தான் ஒரு நல்ல கல்லைக் கெடுத்தேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கத்தி கல்லைப் பிடிக்காமல் வழுக்க ஆரம்பித்தது. எவ்வளவு தேய்த்தாலும் விளிம்பில் பிசிறு, அதாவது தீட்டுப்பட்டதற்கு அடையாளமாக எழும் மெல்லிய உலோக ஓரம், எழவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன். சொரசொரப்பு போய், பழைய எண்ணெய்ச் சட்டியின் அடியைத் தொட்டதுபோல் ஒரே பிசுக்கு. முகர்ந்தால் சிக்கு வாடை.

விஷயம் இதுதான். தாவர எண்ணெய் காற்றுபட்டால் மெல்ல மெல்லக் கெட்டியாகும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து படலமாகவே படிந்துவிடும். அதனால்தான் அதை மரத்துக்குப் பூச்சாகப் பூசுகிறார்கள். அதே வேலை கல்லின் நுண்துளைகளுக்குள் நடந்தால், தேய்ந்து வந்த இரும்புத்தூளும் அதோடு ஒட்டிக்கொண்டு கல் அடைத்துவிடும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கெடாது, உண்மைதான். ஆனால் கொஞ்சம் குளிர்ந்தாலே உறைந்துவிடுகிறதே!

எண்ணெய் விடுவது கத்தி வழுக்கிக்கொண்டு போவதற்காக என்று நினைக்கிறோம். அப்படியில்லை. இரும்புத்தூளை மிதக்கவைத்து, கல்லுக்குள் இறங்கவிடாமல் தடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. அதனால் நீர்த்த எண்ணெய்தான் வேண்டும். இன்ஜின் ஆயில் போலக் கெட்டியாக இருந்தால் கத்தி எண்ணெய்மேலேயே மிதக்கும், கல்லைத் தொடாது. ஓடித் தீர்ந்த பழைய இன்ஜின் ஆயிலைச் சமையல் கத்திப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

நான் இப்போது வைத்திருப்பது மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் என்ற கனிம எண்ணெய். நிறமோ வாசனையோ கிடையாது, எத்தனை வருடமானாலும் பிசுக்கு ஏறாது. 'லைட்' என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. மலச்சிக்கலுக்குத் தருகிற பால் போன்ற வெள்ளைக் கலவையைத் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள், அது வேறு. உளி, இழைப்புளி மாதிரிக் கருவிகளுக்கு மட்டும் என்றால் தையல் மிஷின் எண்ணெயே போதும்.

இதெல்லாம் எண்ணெய் விட்டுத் தீட்டும் எண்ணெய்க் கல்லுக்குத்தான். அமெரிக்காவின் அர்கன்சாஸில் வெட்டியெடுக்கும் அர்கன்சாஸ் கல், நார்ட்டன் நிறுவனத்தின் 'இந்தியா' என்ற பெயர்கொண்ட கல் எல்லாம் இந்த வகை. இந்தியா கல் தொழிற்சாலையிலேயே எண்ணெய் ஊறித்தான் வருகிறது. தண்ணீர் விட்டுத் தீட்டும் ஜப்பானிய நீர்க்கல்லில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. படிந்துவிட்டால் அதைத் திரும்பத் தண்ணீருக்கு மாற்றுவது பெரும்பாடு. வைரத்தூள் பதித்த தகட்டுக்குத் தண்ணீரே போதும்.

என் கல்லை மீட்க மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்தேன், அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த இடத்தில். மறுநாள் பழைய பல்துலக்கியால் தேய்க்கத் தேய்க்கக் கரிய சேறாக வந்தது. மூன்று தடவை இப்படிச் செய்த பிறகுதான் கல்லின் உண்மையான சாம்பல் நிறம் தெரிந்தது.

இப்போது தீட்டும்போது நான்கைந்து சொட்டு விடுகிறேன். அது கறுத்ததும் துணியால் ஒற்றியெடுத்துவிட்டுப் புதிதாக விடுகிறேன். காயும்வரை விட்டால் அந்தத் தூள் மறுபடி உள்ளே இறங்கிவிடும். கடைசியில் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வைக்கிறேன்.