சக்கரத்தைச் சுத்திவிட்டு இறக்கினா என்ன?

அக்கா பையனுக்குப் பதினோரு வயசு. விமானம் தரையைத் தொடுற வீடியோ ஒன்றை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, "மாமா, டயர் ஏன் இப்படிப் புகையுது? முன்னாடியே மோட்டார் வெச்சு சுத்திவிட்டா புகையாதுல்ல?" என்றான்.

நல்ல கேள்வி. இதற்குக் காப்புரிமையே பலர் வாங்கியிருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் ரப்பர் இதழ்கள் வைத்து, காற்றாடி மாதிரி காற்றே சுற்றிவிடட்டும் என்பது ஒரு வகை. மோட்டார் இன்னொரு வகை. ஆனாலும் நாம் ஏறுகிற பயணிகள் விமானங்களில் இரண்டும் இல்லை. "இத்தனை எஞ்சினியர் இருந்தும் இது தோணலையா?" என்று வாட்ஸப்பில் தட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல். தோணாமலா இருக்கும்?

ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ320 பயணிகள் விமானத்தின் பெரிய டயர் 46 அங்குல விட்டம். இறங்கும் வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். நின்றிருந்த சக்கரம் ஒரு நொடிக்குள் நிமிடத்துக்கு 1,100 சுற்று என்ற வேகத்தைப் பிடிக்கிறது. அந்த உரசல்தான் புகை. பார்க்கத்தான் பயங்கரம். 60 டன்னை அந்த வேகத்திலிருந்து நிறுத்தும் வேலையோடு ஒப்பிட்டால், சக்கரங்களைச் சுழலவைக்கும் ஆற்றல் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பிரேக்கும் திருப்பங்களும் டயரை எப்படியும் தேய்க்கத்தான் போகின்றன. தேய்ந்ததை ரீட்ரெட் செய்து, அதாவது மேல் ரப்பரை மட்டும் புதிதாகப் போட்டு, திரும்ப மாட்டுகிறார்கள், ஒரே டயரைப் பல தடவை. இதை மிச்சம் பிடிக்க மோட்டாரையும் வயரையும் ஆயுசு முழுக்க வானத்தில் சுமப்பதா? சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

பையனிடம் நான் இதோடு நிறுத்தவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தரையைத் தொட்டுவிட்டோம் என்று விமானத்துக்குத் தெரிய வேண்டுமே, அதைச் சொல்லும் சாட்சிகளில் ஒன்று அந்தச் சக்கரம்.

1993 செப்டம்பர் 14. பிராங்க்பர்ட்டிலிருந்து போன, ஜெர்மனியின் லுப்தான்சா நிறுவனத்து ஏ320 மழையில் போலந்தின் வார்சாவில் இறங்கியது. பக்கக்காற்று வீசும் என்று சொல்லியிருந்ததால் கொஞ்சம் கூடுதல் வேகத்தில், ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்தது. வலது சக்கரங்கள் தொட்டு சுமார் ஒன்பது நொடி கழித்துத்தான் இடது தொட்டது. விமானத்தைத் தரையோடு அழுத்தி வேகத்தைக் குறைக்க இறக்கைமேல் எழும் ஸ்பாய்லர் பலகைகள் விரிய, இரண்டு பக்கக் கால்களிலும் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் 72 நாட் (மணிக்குச் சுமார் 133 கிலோமீட்டர்) வேகத்துக்குச் சுழல வேண்டும். பாரம் ஒரு பக்கம்தான். தண்ணீர்ப் படலத்தின்மேல் சறுக்கிய சக்கரமும் சுழலவில்லை. இன்னும் வானத்தில்தான் இருக்கிறோம் என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருக்க, 2,800 மீட்டர் ஓடுபாதை கரைந்தது. முடிவில் மண்மேடு, தீ. 70 பேரில் 2 பேர் இறந்தார்கள்.

கேட்டுக்கொண்டே இருந்தவன், "அப்போ நாமளே மேல சுத்திவிட்டா, தரைக்கு வந்துட்டோம்னு அது ஏமாந்துடுமா?" என்றான்.

ஏமாறலாம்டா, ஏமாறாம இருக்கத் தனியா ஏற்பாடு பண்ணணும் என்றேன்.

"வேற சென்சார் வெச்சா?"

வைக்கலாம். அதுக்கும் ஒரு வயர் இழுக்கணும். ஒரு சக்கரத்து மோட்டார் மட்டும் வேலை செய்யலைன்னா என்ன ஆகும்னும் யோசிக்கணும்.

நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்திருக்கிறான். இன்னும் முடியவில்லை.