தாவரச் செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு
“விலங்குச் செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா, தாவரச் செல்லுக்குப் பசுங்கணிகம் என்று வகுப்பில் சொன்னால் போதும்” என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. பசுங்கணிகம் ஒளியைக் கொண்டு சர்க்கரையைத் தயாரிக்கிறது; அந்தச் சர்க்கரையில் அடங்கிய ஆற்றலை, ஆக்சிஜனின் துணையோடு செல் தன் வேலைகளுக்குப் பயன்படுத்தும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியாக மாற்றித் தருவது தாவரத்திலும் மைட்டோகாண்ட்ரியாதான். ஆய்வகத்தில் நாம் வழக்கமாகக் காட்டும் வெங்காயத்தின் உள்தோலையே எடுத்துக்கொள்ளுங்கள்: சஃப்ரனின் சாயமேற்றிய அந்த மெல்லிய சவ்வில், செங்கல் அடுக்கியதுபோல் செல்சுவர்களும், ஓரமாக ஒதுங்கிய உட்கருவும் தெரியும், பசுங்கணிகம் ஒன்றுகூட இருக்காது. வெளிச்சம் படாமல் வளர்ந்த அந்தச் செல்கள் எப்படி உயிர்வாழ்கின்றன என்று ஒரு மாணவி கேட்டால், அவர் எழுதிய அந்த விளக்கத்தில் அதற்குப் பதிலே இல்லை. மைட்டோகாண்ட்ரியா அந்தத் தயாரிப்பில் கண்ணுக்குப் புலப்படாது என்பதையும் ஆசிரியர் அப்போதே சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை ‘இல்லை’ என்று பிள்ளைகள் பதிவேட்டில் எழுதுவதைப் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன்.