ஆள் மாற்றுவதற்கு முன்னால்

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்குச் சித்தி பையன் போன் பண்ணினான். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான், நண்பர்களோடு சேர்ந்து வேலரண்ட் என்ற ஐந்து பேர் அணியாகச் சுட்டு ஆடுகிற கம்ப்யூட்டர் கேமுக்கு ஒரு டீம் வைத்திருக்கிறான், கல்லூரிகளுக்கு இடையே நடக்கிற ஒரு போட்டியில் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றிருக்கிறார்கள். "அண்ணா, ஒருத்தனைத் தூக்கணும். அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றான். எதற்குத் தூக்க வேண்டும் என்று கேட்டேன். "ஸ்கோரைப் பாத்தா எப்பவும் அவன்தாண்ணா கடைசில இருக்கான்." வேறு ஏதாவது காரணம் உண்டா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு அவனிடம் சொன்னது அரைகுறையாக நின்றுவிட்டது. முழுசாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருக்கிற பெரிய இஸ்போர்ட்ஸ் (வீடியோ கேம் போட்டி) அணிகளிலும் இதே கதைதான். ஒருவர் ஃபார்ம் போனதும் ரசிகர்களில் பாதிப் பேர் "வெளியே அனுப்பு" என்கிறார்கள், மீதிப் பேர் "பயிற்சி போதவில்லை, போட்டுப் பிழி" என்கிறார்கள். ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் சொல்லும்போது இரண்டுமே தப்பு என்பது என் அபிப்பிராயம். கோளாறு எங்கே என்று பார்க்காமல் ஆளை மாற்றினால் கோளாறு அங்கேயேதான் இருக்கும், புது ஆள் வந்து அதில் விழுவார். அதே கோளாறோடு பயிற்சி நேரத்தை இரட்டிப்பாக்கினால் அது இன்னும் ஊறிப்போகும்.

நான் டி1 ரசிகன். தெரியாதவர்களுக்கு, அது லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கம்ப்யூட்டர் கேமை ஆடுகிற கொரிய அணி, ஃபேக்கர் என்ற நட்சத்திர வீரர் ஆடுகிற அணி. 2022 வசந்தகால லீக்கில் அவர்கள் 18 ஆட்டம் ஆடி 18லும் ஜெயித்தார்கள், கோப்பையும் எடுத்தார்கள். ஜீயஸ், ஓனர், ஃபேக்கர், குமாயுசி, கேரியா என்று ஐந்து பேர். இனி இவர்களை யாராலும் அசைக்க முடியாது என்று நினைத்தோம். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். மே மாதம் பூசானில் எம்எஸ்ஐ என்ற சர்வதேசப் போட்டியின் இறுதியில் சீனாவின் ஆர்என்ஜியிடம் 2-3, ஆகஸ்டில் கோடைக்கால லீக் இறுதியில் ஜென்ஜியிடம் 0-3, நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் உலகக் கோப்பை இறுதியில் டிஆர்எக்ஸிடம் 2-3, அடுத்த வருஷம் ஏப்ரலில் மறுபடியும் ஜென்ஜியிடம் 1-3, ஆகஸ்டில் இன்னொரு முறை அதே ஜென்ஜியிடம் 0-3. பதினைந்து மாதத்தில் ஐந்து இறுதி ஆட்டம், ஐந்திலும் தோல்வி.

சான்ஃபிரான்சிஸ்கோ ஆட்டம் நம்மூர் நேரப்படி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. வீட்டில் எல்லாரும் தூங்க, நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது கேம் முடிந்ததும் கேரியாவால் அழுகையை அடக்க முடியவில்லை, கேமரா அவரை விட்டு நகரவே இல்லை. மேல் லேனில் (களத்தின் மேல் பாதையில்) ஆடிய ஜீயஸுக்கு அப்போது வயது 18. அவருக்கு எதிரே ஆடிய கிங்கென்தான் அந்த இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் என்று அறிவிக்கப்பட்டார். எதிரே நின்றவருக்கு அந்த விருது போனால் இந்தப் பக்கம் நின்றவரை என்ன சொல்வார்கள்? சொன்னார்கள். பெரிய மேடை தாங்காது, நெருக்கடியில் உடைந்துவிடுகிறார், ஆள் மாற்றியே ஆக வேண்டும். நம்மூர் குழுக்களிலேயே அப்படி எழுதியதைப் படித்திருக்கிறேன்.

டி1 மாற்றவில்லை. அதே ஐவரும் அடுத்த வருஷமும் ஆடினார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஜெயித்த டிஆர்எக்ஸ் அணிதான் கலைந்தது. பத்து வருஷம் காத்திருந்து முதல் உலகக் கோப்பையை எடுத்த டெஃப்ட் உட்பட எல்லாரும் வேறு வேறு அணிகளுக்குப் போனார்கள், பெரில் மட்டும் மிச்சம். அடுத்த வருஷ உலகக் கோப்பைக்கு டிஆர்எக்ஸ் தகுதியே பெறவில்லை. தோற்றும் சேர்ந்தே இருந்த அணிதான் அங்கே போனது.

2023 நவம்பர் 19ஆம் தேதியை நம்மில் யாரும் மறக்க மாட்டோம், அகமதாபாத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி நடந்த நாள். வீட்டு டிவியில் அது ஓடிக்கொண்டிருந்தது, என் கையில் போனில் சியோலில் நடந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகக் கோப்பை இறுதி. அங்கே டி1 வெய்போ அணியை 3-0 என்று முடித்தது, சிறந்த வீரர் ஜீயஸ். ஒரு வருஷம் முன்னால் இவன் பெரிய மேடைக்கு லாயக்கில்லை என்று சொன்னார்களே, அதே பையன். சாயங்காலம் வீடே இழவு வீடு மாதிரி இருந்தது, நானும் கிரிக்கெட்டுக்காக வருத்தப்பட்டேன்தான், ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்துகொண்டே இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அந்த 2023 கோடையில் நடந்த இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். கை வலியால் ஃபேக்கர் சில வாரம் ஆடவில்லை. அதற்கு முன் அணி 6 வெற்றி, 2 தோல்வி. அவர் இல்லாத எட்டு ஆட்டத்தில் 1 வெற்றி, 7 தோல்வி. மற்ற நால்வரும் அதே நால்வர், ஒரே வாரத்தில் அவர்களுக்கு விளையாட்டு மறந்துபோய்விடவில்லை. ஆனால் அந்த நாட்களின் ஸ்கோரை மட்டும் எடுத்துப் பார்த்தால் நாலு பேருமே தண்டம் என்றுதான் தோன்றும். எப்போது பின்வாங்குவது, எதை விட்டுக்கொடுப்பது என்று சொல்கிற குரல் ஒன்று இல்லாமல் போனது, அதன் விலை மற்றவர்களின் எண்ணிக்கையில் போய் ஏறியது. தப்பு நடந்த இடம் ஒன்று, அது கண்ணுக்குத் தெரிகிற இடம் இன்னொன்று.

இதை நான் வேறு விதமாகவும் தெரிந்துகொண்டேன், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. 2021இல் நாங்களும் ஐந்து பேர் சேர்ந்து வேலரண்ட் ஆடினோம், எப்போது என்ன செய்வது என்று சொல்கிற குரல் நான். எங்களில் ஸ்மோக் (எதிரியின் பார்வையை மறைக்கிற புகை) போடுகிறவன் ஒவ்வொரு ரவுண்டிலும் முதல் ஆளாகச் செத்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனை எடுத்துவிட்டோம். முகத்துக்கு நேரே சொல்லக்கூட இல்லை, குரூப்பிலிருந்து நீக்கினோம், அவ்வளவுதான். அவன் இடத்தில் வந்தவனும் முதல் ஆளாகவே செத்தான். எனக்கு உறுத்தியது. பதிவு செய்து வைத்திருந்த பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். அசென்ட் மேப், பி பக்கம் உள்ளே நுழைகிறோம், கூட இருப்பவன் எறிந்த ஃப்ளாஷ் (எதிரியின் கண்ணைக் கூச வைப்பது) இன்னும் வெடிக்கவில்லை, அதற்குள் "போ, போ, போ" என்று ஒரு குரல். என் குரல். அவன் நான் சொன்னபடி போயிருக்கிறான், கண் தெளிவாக இருக்கிற எதிரி மூன்று பேர் முன்னால் போய் நின்றிருக்கிறான். அடுத்த ஆட்டத்திலும் அதேதான், அதற்கடுத்த ஆட்டத்திலும். டேப் கீயை அழுத்தினால் வருகிற ஸ்கோர் பட்டியலில் அவன் பெயர் கடைசியில் இருந்தது, என் பெயர் இரண்டாவதாக இருந்தது. போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை விடுடா என்றான். இன்றைக்கும் பேசுவான், ஆனால் அதற்கப்புறம் எங்களோடு ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

சரி, தூக்க வேண்டாம், பயிற்சியைக் கூட்டலாமே என்பார்கள். எதைக் கூட்டுவது? தொழில்முறை அணிகளில் மதியத்திலிருந்து பயிற்சி ஆட்டம், சாயங்காலம் மறுபடி பயிற்சி ஆட்டம், அப்புறம் நடுராத்திரி தாண்டியும் தனியாக ரேங்க் ஆட்டம் என்று ஏற்கெனவே நாள் முழுசும் போய்விடுகிறது. சீனாவின் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வீரர் ஊஜி 2020 ஜூனில் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 23, காரணம் இரண்டாம் வகை நீரிழிவும் கை வலியும். மன அழுத்தம், கண்ட நேரத்தில் சாப்பாடு, ராத்திரித் தூக்கம் கெட்டது என்று அவரே சொன்னார். இருபத்து மூன்று வயதில் சர்க்கரை. பிறகு திரும்பி வந்து ஆடினார், ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. இன்னும் நாலு மணி நேரம் கூடுதலாக ஆடு என்று உட்கார்ந்த இடத்திலிருந்து டைப் பண்ணுகிறவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற இன்னொரு சுடுகிற கேமில் டென்மார்க்கின் ஆஸ்ட்ராலிஸ் அணி வேறு வழி காட்டியது. முக்கியமான ஆட்டம் என்றால் கடைசிக் கட்டத்தில் கோட்டை விடுகிறவர்கள் என்று அவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது. மியா ஸ்டெல்பெர்க் என்ற விளையாட்டு உளவியலாளரைக் கூட வைத்துக்கொண்டார்கள், 2017 ஜனவரியில் அட்லாண்டா மேஜரை (மேஜர் என்றால் அந்த கேமின் மிகப் பெரிய போட்டி) ஜெயித்தார்கள். அதே அணியில் 2020 மே மாதம் கிளைவ், சிப்னைன் இருவரும் மன உளைச்சலும் களைப்பும் தாங்காமல் விடுப்பில் போனார்கள். மூன்று மேஜரை வரிசையாக ஜெயித்த அணியின் தலைவரும், நெருக்கடியில் நிதானத்துக்குப் பேர் போனவரும். அவர்களை அணியை விட்டு அனுப்பவில்லை, ஓய்வு கொடுத்தார்கள், இருவரும் அந்த வருஷமே திரும்பி வந்து ஆடினார்கள். பயிற்சி என்றால் இதெல்லாமும்தான் பயிற்சி. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு பேட்ச், அதாவது கேமையே மாற்றுகிற அப்டேட், வருகிறது. போன மாதம் கைகொடுத்த ஹீரோ (ஆட எடுக்கிற பாத்திரம்) இந்த மாதம் கைகொடுக்காது. அப்படிச் சறுக்கியவருக்கு என்ன தேவை, புது ஹீரோவா, தூக்கமா, கூட ஆடுகிறவரோடு ஒரு மணி நேரம் மனசு விட்டுப் பேசுவதா என்று பார்த்துச் செய்யாமல் எல்லாருக்கும் ஒரே மருந்தாக நேரத்தை நீட்டுவது சோம்பேறித்தனம்.

அதற்காக யாரையுமே மாற்றக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஜீயஸே மாற்றாக வந்தவர்தான். 2021 வரை மேல் லேனில் கானா ஆடினார், சீசன் முடிந்து அவர் வேறு அணிக்குப் போனார், டி1 தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்த்த பையனைக் கொண்டு வந்தது. அது நல்ல முடிவு. ஆனால் அதே 2021இன் முதல் பாதியில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு ஆட்டம் ஐவரை மாற்றி மாற்றி இறக்கிப் பார்த்தார்கள், யாருக்கு யார் பழக்கம் என்றே தெரியாமல் தவித்தார்கள், ஜூலையில் பயிற்சியாளர்களே போக வேண்டியதாயிற்று. ஒருவரை அனுப்புவதாக இருந்தால் சீசன் முடிந்து, காரணம் சொல்லி, அடுத்த ஆளைத் தயார் பண்ணி வைத்துவிட்டு அனுப்புங்கள். நடு சீசனில், ரசிகர்கள் எல்இடி திரை கட்டிய லாரியை அலுவலக வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்பதற்காக அனுப்பாதீர்கள்.

குமாயுசி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைச் சொன்னதும் எல்லாரும் அவரைத்தான் எனக்கு எதிராகக் காட்டுகிறார்கள். 2023, 2024 என்று இரண்டு உலகக் கோப்பை எடுத்தவர். 2025 தொடக்கத்தில் அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஸ்மாஷ் என்ற வேறொருவரை இறக்கினார்கள். அந்த வருஷம் ஒரு தொடரில் ஒருமுறை எடுத்த ஹீரோவை அதே தொடரில் மறுபடி எடுக்க முடியாது என்ற விதி முழு சீசனுக்கும் வந்துவிட்டது, அதனால் எல்லாரும் நிறைய ஹீரோ கற்க வேண்டியிருந்தது. சில மாதத்தில் திரும்பி வந்தார். கொரியாவின் நாலாவது அணியாக உலகக் கோப்பைக்குள் நுழைந்த டி1, தகுதி ஆட்டத்திலிருந்து தொடங்கி, நவம்பர் 9ஆம் தேதி செங்டூவில் கேடி அணியை 3-2 என்று ஜெயித்து மூன்றாவது வருஷமாகக் கோப்பையை எடுத்தது. சிறந்த வீரர் குமாயுசி. பெஞ்சில் உட்கார வைத்ததால்தானே புத்தி வந்தது என்று கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெஞ்சில் இருந்தாலும் அவர் அந்த அணியிலேயே இருந்தார், திரும்பி வர ஒரு வழி இருந்தது, கூட ஆடுகிறவர்களின் பழக்கம் விட்டுப்போகவில்லை. தூக்கி எறிந்திருந்தால் செங்டூ நடந்திருக்காது. அப்புறம், கோப்பை எடுத்த சில நாளிலேயே அவர் டி1ஐ விட்டு ஹன்வா அணிக்குப் போனார். அவருடைய காரணம் அவருடையது. ஆனால் ஒரு ரசிகனாக எனக்கு அது வலித்தது, ஏழெட்டு மாதம் முன்னால் இவர் வேண்டாம் என்று எழுதியவர்களுக்கும் வலித்திருக்கும் என்று நம்புகிறேன்.

தம்பிக்கு ஒரே ஒரு வேலைதான் சொன்னேன். தோற்ற மூன்று ஆட்டத்தையும் ஐந்து பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பாருங்கள், அவனையும் கூட வைத்துக்கொண்டு. ஒவ்வொரு ரவுண்டிலும் முதலில் யார் சாகிறார்கள், அதற்கு ஐந்து நொடி முன்னால் யார் என்ன சொன்னார்கள், மற்ற நாலு பேர் எங்கே நின்றார்கள், இதை மட்டும் நோட்டில் எழுதுங்கள், ஸ்கோர் பட்டியலைத் திறக்கவே திறக்காதீர்கள் என்றேன். நேற்று ராத்திரி மறுபடி கூப்பிட்டான். முதல் ஆட்டம் பார்த்து முடித்திருக்கிறார்கள். அந்தப் பையன் முதலில் செத்தது ஒன்பது ரவுண்டில், அதில் ஆறு ரவுண்டில் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. "நாங்க எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டோம்ணா, அவன்கிட்ட யாரும் சொல்லவே இல்ல" என்றான். பின்னால் ஒரே சத்தமாக இருந்தது, யாரோ வீடியோவை நிறுத்து நிறுத்து என்று கத்தினார்கள். "இன்னும் ரெண்டு மேட்ச் பாக்கி இருக்கு, வைக்கிறேண்ணா" என்று வைத்துவிட்டான்.