எந்த ரௌட்?

பயணி: தம்பி, இந்த பஸ் எந்த ரௌட்?

நடத்துனர்: ரவுடியா? என் பஸ்ஸில் எவன் சார் ரவுடி?

பயணி: ரவுடி இல்லைப்பா, ரௌட். போகிற வழி.

நடத்துனர்: ஓ, ரூட்டா! பெசன்ட் நகரிலிருந்து பெரம்பூர். அமெரிக்காவிலிருந்து எப்போது வந்தீர்கள்?

பயணி: போன வாரம்தான். மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அங்கே யாரும் ரூட் என்று சொல்வதில்லை.

நடத்துனர்: 'ரூட் 66' என்று ஒரு நெடுஞ்சாலையைப் பற்றி அங்கே பாட்டே பாடுகிறார்களே சார்!

பயணி: டிக்‌ஷனரியைப் பார் தம்பி.

நடத்துனர்: யாருடையதை? இங்கிலாந்தில் சாமுவேல் ஜான்சன் 1755-இல் ஒன்று போட்டார். ஓட்ஸ் என்றால் இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் மனிதர்கள் சாப்பிடுவது என்று எழுதினார். அர்த்தம் கேட்டால் பக்கத்து ஊர்க்காரனை வம்புக்கு இழுக்கிறார். அவரும் ஒரு ரௌடிதான்.

பயணி: (காலையில் ஓட்ஸ் சாப்பிட்டவர்) நான் சொல்வது அமெரிக்காவின் வெப்ஸ்டர்.

நடத்துனர்: 1828, ஏறத்தாழ 70,000 சொற்கள். ஆட்சி தனியாகிவிட்டது, மொழியும் தனியாக வேண்டும் என்று கலரில் இருந்த 'யூ'வைத் தூக்கினார். நாக்கைக் குறிக்கும் 'டங்' (tongue) என்ற சொல்லை டி, யூ, என், ஜி என்று எழுதினால் போதும் என்றார். அதை மட்டும் அவர் ஊர்க்காரர்களே சட்டை செய்யவில்லை.

பயணி: உனக்கு எப்படி இதெல்லாம்?

நடத்துனர்: எம்.ஏ. இங்கிலீஷ். டிக்கெட் எங்கே?

பயணி: புரசைவாக்கம் ஒன்று. இருந்தாலும் ஸ்டாண்டர்டு என்று ஒன்று வேண்டாமா?

நடத்துனர்: அதற்குத்தான் டேனியல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஒலியியல் அறிஞர் 1917-இல் உச்சரிப்புக்கென்றே அகராதி போட்டார். யார் உச்சரிப்பு? பிள்ளைகளைப் பெரிய விடுதிப் பள்ளியில் சேர்க்க வசதியிருந்த தென் இங்கிலாந்துக் குடும்பங்களின் உச்சரிப்பு. ஃபீஸ் கட்டினவன் வாய்தான் சார் ஸ்டாண்டர்டு.

பயணி: அப்போ ரௌட் தப்பா?

நடத்துனர்: தப்பே இல்லை, அதுவும் அகராதியில் இருக்கிறது. முன்சீட்டுப் பாட்டி 'இது எந்த ரூட்டு' என்று கேட்டதும் சிரித்தீர்களே, அதுதான் ரவுடித்தனம்.

பயணி: சரி, விடு. பையன் வேறு அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவுக்கு மாற்றலாகிப் போகிறான்.

நடத்துனர்: கவலையே வேண்டாம். அவர்கள் 1981-லேயே மக்வாரி என்று தனி அகராதி போட்டுவிட்டார்கள். போய் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். சில்லறை இருக்கிறதா?