1 கொரிந்தியர் 1:19 படிப்புக்கு எதிரான வசனம் அல்ல

“ஞானிகளுடைய ஞானத்தை நான் அழித்து” என்ற வசனத்தை வைத்து, கல்வியையும் அறிவியலையும் பைபிள் நிராகரிக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வசனம் அப்படிச் சொல்லவில்லை.

அது, கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதிய பவுலின் சொந்த வாக்கியமே அல்ல, பழைய ஏற்பாட்டிலுள்ள ஏசாயா தீர்க்கதரிசியின் நூலிலிருந்து (ஏசாயா 29:14) எடுத்தாண்டது. ஏசாயா கண்டித்தது, கடவுளைக் கேளாமல் எகிப்தின் படைபலத்தை நம்பிய யூதா நாட்டின் ஆலோசகர்களை. அடுத்த அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே (ஏசாயா 30:1-2) இது தெரியும். பவுல் அதை எதற்காக எடுக்கிறார்? கொரிந்து சபையார் “நான் பவுலைச் சேர்ந்தவன்”, “நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்” என்று போதகர்களின் பெயரால் கட்சி கட்டிக்கொண்டிருந்தார்கள் (1:12). பேச்சுவன்மையை வைத்துப் போதகர்களை எடைபோட்ட அந்தப் பெருமையைத்தான் அவர் உடைக்கிறார். சிலுவையில் அறையப்பட்ட ஒருவர் மீட்பர் என்ற செய்தியை அந்த அளவுகோலால் அளந்தால் அது பைத்தியமாகத்தான் தெரியும் என்பது அவர் வாதம்.

ஞானமே வேண்டாம் என்பது கருத்தாக இருந்தால், 2:6-இல் “தேறினவர்களுக்குள்ளே ஞானத்தைப் பேசுகிறோம்” என்று அவரே எழுதியிருக்க மாட்டார். கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான்: சோஃபியா.

சரிபார்க்க அகராதிகூடத் தேவையில்லை. 1:10-இல் தொடங்கி 3-ஆம் அதிகாரம் முடியும்வரை ஒரே மூச்சில் வாசியுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. கட்சிப் பெயர்கள் 3:4-இலும் 3:22-இலும் திரும்ப வருவதைக் கவனியுங்கள். 1:19-ஐ மட்டும் தனியே வெட்டி எடுக்கும்போதுதான் இந்தச் சரடு அறுந்துபோகிறது.