ஆர்க்கியாவுக்கு ஹிஸ்டோன் இல்லையா?

"ஆர்க்கியா வெறும் பழைய பாக்டீரியா, ஹிஸ்டோன் அதற்குக் கிடையாது." மதுரையில் நீட் படிக்கும் பிள்ளைகளிடையே சுற்றும் வாட்ஸ்அப் குறிப்பு இது. (ஆர்க்கியா ஒற்றைச்செல் நுண்ணுயிர் வகை; ஹிஸ்டோன், டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதம்.) என் அண்ணன் மகள் நேற்று இதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மனசு பதறிவிட்டது. இரண்டுமே தவறு.

ஆர்க்கியா உயிரினங்களில் தனிக் கிளை என்பதை 1977-லேயே அறிவியலாளர்கள் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் காட்டிவிட்டார்கள்.

ஹிஸ்டோன் கதை இன்னும் அழகு. சுமார் 83 டிகிரி செல்சியஸில் செழித்து வளரும் மெத்தனோதெர்மஸ் ஃபெர்விடஸ் என்ற ஆர்க்கியாவில் அது இருப்பது 1990-இல் தெரியவந்தது. நம் செல்லில் எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருளையைச் சுற்றி 147 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளத்துக்கு டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும், உருளை எட்டோடு நின்றுவிடும். இந்த ஆர்க்கியாவின் ஹிஸ்டோனோ இரண்டிரண்டாக அடுக்கிக்கொண்டே போகும். சுங்குடிக்காரர் வீட்டு நூல்கண்டைப் பாருங்கள், நூல் வரிவரியாக ஒட்டிச் சுற்றியிருக்கும். அப்படித்தான் டி.என்.ஏ.வும் அதன்மேல் சுற்றுகிறது. 2017-இல் இந்தப் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் படிகமாக்கிக் கண்டறிந்த அமைப்பில் இது தெளிவாகத் தெரிந்தது.

அதற்காக எல்லா ஆர்க்கியாவிலும் உண்டு என்று எழுதிவிடாதீர்கள். சல்ஃபோலோபஸ் என்ற ஆர்க்கியாவில் ஹிஸ்டோன் இல்லை. அங்கே ஆல்பா (Alba) போன்ற வேறு புரதங்கள் டி.என்.ஏ.வைப் பிடித்து ஒழுங்குபடுத்துகின்றன.

இவை எங்கோ வெந்நீர் ஊற்றில் மட்டும் வாழ்பவையும் அல்ல. அலங்காநல்லூர் காளையின் இரைப்பையில் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவிலும் ஹிஸ்டோன் இருக்கிறது.